செம்பும் பெட்டியும்

வீடு யாருடையது என்று வெள்ளைக்கார நீதவான் கேட்டபோது, அவள் புருசன் தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டினான்.

அவள் முக்காட்டுக்குள் பல்லைக் கடித்தாள். ஏழு வருடம் அவள் வீட்டுச் சோற்றைத் தின்ற நெஞ்சு அது.

அவளைப் பெற்ற வாப்பா கட்டி, கல்யாணத்தன்று அவளுக்கென்று கொடுத்த வீடு. எழுத்தில் இல்லை. வாயால் சொன்னதுதான். மட்டக்களப்புக் கரையில் முஸ்லிம்களிடையே வீடு பெண்ணுக்கு. மாப்பிள்ளை ஒரு மரப்பெட்டியோடு வந்து குடியேறுவான்.

இப்போது அதை விற்றுவிட்டுக் கொழும்பில் கடை போடப் போகிறானாம். கைக்குழந்தையோடு அவள் எங்கே போவாள் என்பதை மனுவில் எழுத மறந்துவிட்டான்.

துரையின் சட்டப் புத்தகத்தில் வீடு என்றால் புருசன் வீடு. ஊர் வழக்கம் வேறு என்றால், அதைச் சொல்ல யார் இருக்கிறார்கள் என்று கேட்டார்.

அவள் பக்கத்துச் சாட்சி எழுந்து வந்தது.

அவனைப் பெற்ற உம்மா.

அவன் சிரித்தான். பெற்றவள் தனக்கு எதிராகவா பேசிவிடுவாள்!

மாமி கூண்டில் ஏறினாள். மகனைப் பார்க்கவில்லை.

"இவன் போகக்குள்ள ஒரு பெட்டிதான் கொண்டு போனான், தொரை. ஊடு அவள்ர. எண்ட மகளுக்கும் நான் ஊடு குடுத்திரிக்கன். அங்கயும் ஒரு மருமகன் இரிக்காரு."

துபாசியும் பெண்சாதி வீட்டில் இருப்பவர். ஆனாலும் ஒரு சொல் விடாமல் மொழிபெயர்த்தார்.

துரை எழுதினார்.

வீடு அவளுக்கு.

வெளியே வந்ததும் அவளும் மாமியும் கையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். ஏழு வருடத்தில் இருவரும் சேர்ந்து சிரித்தது அன்றுதான்.

அன்று மாலை, அஸர் தொழுகைக்குப் பிறகு அவன் வந்தான்.

வேலிப் படலைக்கு வெளியே நின்று செருமினான். ஒரு நாளும் செருமிவிட்டு வந்தவன் அல்ல. தங்கை வீட்டுக்குப் போய்ப் பார்த்திருப்பான். அதுவும் பெண்ணின் வீடுதான்.

அவள் அவன் பெட்டியை இழுத்து வந்து வாசற்படியில் வைத்தாள்.

உள்ளே போனாள். ஒரு செம்பு தண்ணீர் கொண்டு வந்து பெட்டிக்குப் பக்கத்தில் வைத்தாள்.

கல்யாணத்தன்று அவள் தம்பி மாப்பிள்ளையின் காலைக் கழுவி உள்ளே அழைத்த அதே செம்பு.

இன்று கழுவிவிட ஆள் இல்லை. உள்ளே வருவதானால் அவனே கழுவிக்கொள்ள வேண்டும்.

கதவைத் திறந்தே விட்டுவிட்டு அடுப்படிக்குப் போனாள். பெட்டி இழுபடுகிறதா, தண்ணீர் சிந்துகிறதா என்று காது கொடுக்கவில்லை.

அரிசி களையும்போது பாட்டொன்று தானாக வாயில் வந்தது. சத்தமாகவே பாடினாள்.