பஸ் சண்டையில் இங்கிலீஷ்

“இதெல்லாம் வீட்டுல உட்கார்ந்து இட்டுக்கட்டினதும்மா. பஸ்ல எவனும் இப்படிச் சண்டை போட மாட்டான்.”

வெளியூரிலிருந்து வந்திருந்த தேர்வாளர் மைக்கைத் தள்ளிவைத்துவிட்டுச் சாய்ந்து உட்கார்ந்தார். மேடையில் நின்ற யுவராணியின் முகம் வெளுத்துவிட்டது. முன்வரிசையில் இருந்த அவள் புருசன் காசிராஜனுக்கோ ரத்தம் கொதித்தது.

கொதிக்காதா பின்னே? ஆங்கிலத் துறையில் மொழியியல் ஆராய்ச்சி, ஆறு வருசப் பாடு. இன்று இந்த மனுசன் சரியென்றால்தான் டாக்டர் பட்டம், இல்லையென்றால் அத்தனையும் குப்பை. சொந்தபந்தத்தை வேன் வைத்துக் கூட்டிவந்து, மதியத்துக்குப் பிரியாணியும் சொல்லியாகிவிட்டது.

அருப்புக்கோட்டைப் பக்கத்து டவுன் பஸ்களில் சண்டை முற்றும்போது ஜனங்கள் ஏன் இங்கிலீசுக்குத் தாவுகிறார்கள் என்பதுதான் ஆராய்ச்சி. கண்டக்டரும் பயணியும் சில்லறைக்கு மல்லுக்கட்டிய ஒலிப்பதிவு ஒன்றை அவள் சற்றுமுன் போட்டுக் காட்டியிருந்தாள். கண்டக்டர் “ஸ்டுப்பிட்டு” என்று கத்தியபோது அரங்கமே சிரித்தது.

தேர்வாளர் மட்டும் சிரிக்கவில்லை. ஆய்வேட்டைப் படித்துவிட்டு முன்பு அனுப்பிய அறிக்கையிலேயே இதே சந்தேகத்தைக் கிளப்பியவர்தான் அவர். “கோபம் ஏற ஏற, உன் தியரிப்படியே கரெக்டா இங்கிலீஷ் வருது. நிஜம் இவ்வளவு நேர்த்தியா இருக்காதும்மா” என்றார்.

காசிராஜன் பல்லைக் கடித்தான். பெண்டாட்டியைப் படிக்க வைத்ததில் அவனுக்குப் பெருமை கொஞ்சநஞ்சமில்லை. நூல்கடைக்காரர் வீட்டு மருமகள் பஸ் ஸ்டாண்டில் போய் நிற்கக் கூடாது, கண்டவனோடு பேச்சு வைக்கக் கூடாது என்று கண்டிப்பாக இருந்தானே தவிர, மற்றபடி என்ன குறை வைத்தான்? அப்பேர்ப்பட்டவளை இந்த ஆள் பொய்க்காரி என்கிறானே.

அப்போது கடைசி வரிசையிலிருந்து காக்கிச்சட்டைக்காரன் ஒருவன் எழுந்தான்.

“ஏம்மா, என் சண்டைய ஊரு சிரிக்கப் போட்டுக் காட்டுறியே, என்னைய ஒரு வார்த்தை கேட்டியா?”

பதிவில் கத்திய கண்டக்டரின் அதே குரல். வாட்ச்மேன் ஓடிவந்து கையைப் பிடித்து இழுத்தார்.

“டோன்ட் டச்சு. மேல கைய வச்சே, மரியாத கெட்டுரும்.” உட்காரச் சொன்ன தேர்வாளருக்கும் விழுந்தது. “நீ யாருய்யா சிட் டவுனுன்னு சொல்ல? இது என்ன ஒங்கப்பன் வீட்டு ஹாலா? ஸ்டுப்பிட்டு.”

போச்சு, எல்லாம் போச்சு என்று காசிராஜன் தலையில் கைவைத்தான். யுவராணி இறங்கிவந்து கைகூப்பி மன்னிப்புக் கேட்டாள். அந்த ஆள் எல்லோரையும் முறைத்துவிட்டு வெளியேறினான்.

தேர்வாளரோ ஏச்சு வாங்கிய மனுசன் மாதிரியே இல்லை, முகம் மலர்ந்து கிடந்தது. தான் சந்தேகப்பட்டது தப்பு, சண்டை கண் முன்னாலேயே நடந்துவிட்டது, இதைவிட என்ன சாட்சி வேண்டும் என்று சொல்லிப் பட்டத்துக்குப் பரிந்துரைத்தார். சொந்தபந்தம் மொத்தமும் கைதட்டியது.

காசிராஜன் தட்டவில்லை. பட்டம் வந்தால் வரட்டும், சபையில் பெண்டாட்டியைக் கேவலப்படுத்தியவனைச் சும்மா விட முடியுமா? வெளியே ஓடி, பைக் நிறுத்துமிடத்தில் அவன் சட்டையைக் கொத்தாகப் பிடித்தான்.

“எம்பொண்டாட்டியச் சபையில வச்சு ஏசுறியா? எந்த பஸ்ஸுடா நீ?”

இப்போது அந்த ஆளிடம் வீறாப்பே இல்லை. பதறிப்போய்க் கும்பிட்டான்.

“விடுங்க மாப்ள. நான் தங்கச்சிக்கு ஊர்க்காரன், பேரு நல்லமுத்து. திருச்சுழிப் பக்கம் கோயில் நாடகத்துல வேசம் கட்டுறவன். வந்து சத்தம் போடுண்ணேன்னு தங்கச்சிதான் சொல்லுச்சு.”

காசிராஜனின் பிடி தளர்ந்தது. அடி கெட்டிக்காரி, சந்தேகப்பட்டவன் வாயை அடைக்க ஆளையே இறக்கிவிட்டாளே என்று சிரிப்புக்கூட வந்தது. கசங்கிய சட்டையைத் தானே நீவிவிட்டு, பதிவில் இருந்த கண்டக்டரின் குரலை அச்சு அசலாக எப்படிப் பிடித்தாய் என்று கேட்டான்.

நல்லமுத்து அவனை ஒரு மாதிரியாகப் பார்த்தான்.

“எந்தக் கண்டக்டரு மாப்ள? அதுல சண்டை போட்ட அம்புட்டுப் பேரும் நான்தான்.”