கீழ்க்குரல்

நிறுத்தினால் பயம் வந்துவிடும் என்று சோல்போர்க் நிறுத்தாமல் பாடிக்கொண்டிருந்தாள். கார் மலைமேட்டுச் சாலையோரப் பள்ளத்தில் சாய்ந்து கிடந்தது. மணி பிற்பகல் இரண்டுதான். ஆனால் கண்ணாடிக்கு வெளியே வெள்ளையைத் தவிர ஒன்றும் தெரியவில்லை.

அவசர உதவிப் பெண் போனில் கறாராகச் சொல்லியிருந்தாள். "மீட்புக் குழு கிளம்பியாச்சு. வந்து சேர ஒரு மணி நேரமாவது ஆகும். அதுவரைக்கும் வண்டியை விட்டு இறங்கிடாதீங்க."

"இந்தப் பனியில இறங்கி நான் எங்க போகப் போறேன்?" என்றாள் சோல்போர்க். அதோடு சிக்னல் போய்விட்டது.

பிளண்டுவோஸ் என்ற ஊரில் குளிர்கால விருந்து. அங்கே பாடத்தான் போய்க்கொண்டிருந்தாள். பழைய இரட்டைப் பாட்டுகளை ஊர் ஊராகப் போய்ப் பாடி, சொல்லிக்கொடுப்பதே இருபது வருஷமாக அவள் பிழைப்பு. ஒருவர் மேலே பாட, இன்னொருவர் கீழே பாட வேண்டும். இன்று துணையில்லாமல் மேல்குரல் மட்டும்.

மூன்றாவது அடியில் கீழ்க்குரல் சேர்ந்துகொண்டது.

வெளியிலிருந்து, ஓர் ஆணின் குரல். அவள் சட்டென்று பாட்டை நிறுத்தினாள். இந்த மேட்டில் பனியில் செத்தவர்கள் வழிப்போக்கர்களைப் பாட்டாலேயே இழுத்துக்கொள்வார்களாம். சின்ன வயதில் கேட்டு மிரண்ட கதை.

கதவை விரற்கடை திறந்தாள். "யாரது?"

"இங்கதாம்மா இருக்கேன். பாட்டை விட்டுடாதீங்க, பாடிக்கிட்டே இருங்க."

பேய் 'அம்மா' போட்டா பேசும்? அவளுக்கு மூச்சு வந்தது. போனில் பேசி இருபது நிமிஷம்கூட ஆகவில்லை. அதற்குள் மீட்புக் குழுவினர் வந்துவிட்டார்களே.

பாடினாள். அந்தக் குரலும் பாடியது. ஆனால் கிட்டே வரவில்லை. ஒரே இடத்தில் நின்று, அடிக்கு அடி மெலிந்துகொண்டிருந்தது. தன்னை விட்டுவிட்டுத் திரும்பிவிடுவார்களோ என்று பதறி இறங்கிவிட்டாள்.

பத்தடி வைத்துத் திரும்பிப் பார்த்தால் கார் இல்லை. முழங்கால் வரை பனி. காற்று பாட்டைப் பாதியில் பிய்த்துக்கொண்டு போனது. வாய் குழறக் குழற, அந்தக் குரலைப் பிடித்துக்கொண்டே நடந்தாள்.

ஒரு கை அவள் சட்டையைப் பற்றியது.

மெல்லிய கோட்டு. கையுறை இல்லை. தாடியெல்லாம் பனிக்கட்டி. அந்த ஆள் அவள் தோளில் சாய்ந்து குழந்தை மாதிரி அழுதார்.

"வந்துட்டீங்க... மீட்புக் குழுதானேம்மா நீங்க?"