இன்னும் ரெடியாகாத வேன்

"இன்னிக்கும் ஆகலையா? போன வாரமும் இதையேதான் சொன்னே! கராஜ் நடத்துறியா, வேனுங்களுக்குக் கல்லறை கட்டுறியா?"

டோர்மட் போனில் போட்ட சத்தத்தில், ரொட்டியும் பாலும் கொண்டுவந்த டொலினா வாசலிலேயே நின்றுவிட்டாள்.

லூயிஸ் தீவில் ஊர் ஊராக வேனில் மீன் கொண்டுபோய் விற்பவன் டோர்மட். டொலினா அதே ஊரில் மளிகைக் கடை வைத்திருப்பவள்.

"என்னவாம்?" உள் அறைக் கட்டிலிலிருந்து அவன் மனைவி எஃபி கேட்டாள். இனிமேல் செய்வதற்கு ஒன்றுமில்லை என்று ஆஸ்பத்திரியில் வீட்டுக்கு அனுப்பிவிட்டிருந்தார்கள். உடம்புதான் தேய்ந்திருந்தது, குரலில் அதிகாரம் குறையவில்லை.

"டீசல் குழாய் மொத்தமும் துருப்பிடிச்சு இத்துப்போச்சாம். புதுக் குழாய் இன்னும் கப்பல்ல வரலையாம்."

"மீன் பெட்டியில இருந்து உப்புத்தண்ணி வடிஞ்சா இத்துப்போகாம என்ன செய்யும்? அதை மாத்த இத்தனை நாளா? அந்த கராஜ்காரி மார்சலியை விடாதே. வடக்கூர்க்காரங்க மீனுக்காக ரோட்டைப் பார்த்துட்டு நிப்பாங்க."

டொலினாவுக்குப் பொறுக்கவில்லை. படுத்த படுக்கையாக ஒருத்தி. பிழைப்புக்கு இருப்பது அந்த ஒரு வேன். நேராக கராஜுக்குப் போனாள்.

மார்சலி ஒரு காருக்கு அடியில் படுத்திருந்தாள். டோர்மட்டின் வேன் பின்பக்கச் சுவரோரம் நின்றது.

டொலினா குனிந்து பார்த்தாள். டேங்கிலிருந்து எஞ்சின் வரைக்கும் செம்பு நிறத்தில் புதுக் குழாய், ஒழுங்காக கிளிப் போட்டு மாட்டியிருந்தது. தரையில் ஒரு சொட்டு டீசல் இல்லை. சாவி வண்டியிலேயே தொங்கியது. ஏறித் திருகினாள். உடனே ஸ்டார்ட் ஆனது.

"மார்சலி! என்னடி இது?"

மார்சலி வெளியே வந்து கையைத் துடைத்துக்கொண்டாள். "வேன்."

"ரெடியாத்தானே இருக்கு?"

"அதான் ஸ்டார்ட் பண்ணிப் பார்த்துட்டீங்களே."

"எப்போ முடிஞ்சது?"

"போன செவ்வாய்க்கிழமை."

"அடிப்பாவி! கப்பல்ல வரலைன்னு அந்த மனுஷன்கிட்ட பொய் சொல்றியே, உனக்கு நெஞ்சுன்னு ஒண்ணு இருக்கா?"

"எனக்கு வேலை கிடக்கு டொலினா."

"கிடக்கட்டும். இனி என் கார் இந்த வாசலை மிதிக்காது. ஊர்ல வேற யார் வண்டியும் வராம பார்த்துக்கிறேன்."

இந்த வேன் பேச்சைக் கேட்டு ஏற்கெனவே அந்த வாரம் இரண்டு பேர் வண்டியைத் திருப்பி எடுத்துப் போயிருந்தார்கள். மார்சலி ஏதோ சொல்ல வந்தாள். "உங்க இஷ்டம்" என்று மட்டும் சொல்லிவிட்டு மறுபடி காருக்கு அடியில் போய்விட்டாள்.

டொலினா திரும்பி வந்து கதவைத் தட்டினாள்.

"டோர்மட்! உன் வேன்..."

அவன் சட்டென்று வெளியே வந்து கதவைச் சாத்தினான். காற்று பிய்த்துக்கொண்டு அடித்தது.

"மெதுவா பேசு. ரெடின்னு எனக்குத் தெரியும்."

"தெரியுமா?"

"நான்தான் குடுக்காதேன்னு சொல்லிவச்சிருக்கேன்."

"அப்போ போன்ல கத்தினியே?"

"எஃபி காதுல விழ வேண்டாமா? 'எனக்காக ஒரு நாள் வேலையை விட்டாலும் கிளாஸ்கோவுக்கு மக வீட்டுக்குப் போயிடுவேன்'ங்கிறா. ஒருத்தன் தன் மூஞ்சியைப் பார்த்துட்டு உட்கார்ந்திருக்கிறது அவளுக்கு ஆகாது. இப்போ வேன் இல்லை, வேற போக்கிடம் இல்லாம வீட்டுல கிடக்கேன்னு நினைக்கிறா. சீட்டு ஆடுறோம். என்னைத் திட்டிக்கிட்டே ஆடுறா. நேத்து ஜெயிச்சிட்டு என்னா சிரிப்பு தெரியுமா?"

டொலினா கராஜ் இருந்த பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

"'உன் பேரு கெட்டுப்போகுதே'ன்னு மார்சலிகிட்ட சொன்னேன். 'பேரை அப்புறம் பார்த்துக்கலாம், நீ வீட்டுக்குப் போ'ன்னுட்டா."

உள்ளேயிருந்து எஃபியின் குரல் வந்தது. "யாரது, டொலினாவா? வேன் விஷயம் என்னாச்சு?"

டோர்மட் வாயைத் திறந்தான்.

டொலினா அவனை விலக்கிக் கதவைத் திறந்தாள்.

"கராஜ்ல இருந்துதான் வரேன் எஃபி! மாட்டும்போது இன்னொரு குழாயும் உடைஞ்சுபோச்சாம். அந்தச் சோம்பேறியை நம்பினா அடுத்த மாசம்கூட வேன் வராது!"