கோட்டுக்குள் ஒரு பாக்கெட்

தையல் மெஷின் நின்றுவிட்டது. மின்விசிறி மட்டும் கடகடக்கிறது. லோன் பேப்பரைத் துணி வெட்டும் மேஜையில் விரித்து, பேனாவையும் மூடி கழற்றி நீட்டுகிறார் டெய்லரின் அக்கா புருஷன். "பேங்க்ல ஜாமீன் கேக்கறான் மாப்ள. ஒரு கையெழுத்துதான், சொத்தையா எழுதிக் கேட்டேன்?" டெய்லரின் கண் பேப்பரில் இல்லை. போன வாரம் அத்தான் கொடுத்த கம்பளிக் கோட்டு சுவரில் தொங்குகிறது. பாஸ்போர்ட் போகிற அளவுக்கு உள்பாக்கெட் வைக்கச் சொல்லியிருந்தார். வெளியே வெயில் ரோட்டுத் தாரை உருக்குகிறது. "போடறேன் அத்தான். ஆனா லோன் முடியற வரைக்கும் இந்தக் கோட்டு எங்கிட்டயே இருக்கட்டும்." அத்தான் வாய்விட்டுச் சிரிக்கிறார். சிரித்தபடியே பேனாவை மேஜையில் வைத்துவிட்டு, கோட்டை ஹேங்கரிலிருந்து எடுத்து மடிக்க ஆரம்பிக்கிறார்.