கெட்டில் கைப்பிடி

காலை வெயில் எவர்சில்வர் கெட்டிலில் பட்டுச் சமையலறைச் சுவரில் ஆடுகிறது. மூக்கு வழியே ஆவி சீறுகிறது. கைப்பிடியையும் எவர்சில்வரிலேயே செய்த புண்ணியவான் ஒருநாளும் டீ போட்டிருக்க மாட்டான். வழக்கம்போலக் கைப்பிடித் துணியைத் தேடும் புது மருமகள் அப்படியே நிற்கிறாள். கைப்பிடி முழுக்கப் பருத்திக் கயிறு இடைவெளியில்லாமல் சுற்றியிருக்கிறது. முடிச்சுகூடக் கண்ணுக்குத் தெரியாமல் உள்ளே செருகியிருக்கிறது. வெல்டிங் பட்டறைக்குக் கிளம்பும் மாமனார் நாற்காலியில் குனிந்து ஷூ மாட்டுகிறார். அவள் கையை உதறும்போதெல்லாம், "இது எங்க சுடுதும்மா?" என்று வெறுங்கையால் கெட்டிலைத் தூக்கிக் காட்டியவர். அவள் மெல்லத் தொடுகிறாள், பிறகு இறுக்கிப் பிடிக்கிறாள். வெதுவெதுப்பு, அவ்வளவுதான். "மாமா, இப்ப சுடவே இல்ல!" அவர் நிமிரவில்லை. "நெருப்புலயே கெடந்து என் உள்ளங்கை மரத்துப்போச்சும்மா. அத நம்பி உங்கிட்டப் போய் சுடலன்னு சொல்லிட்டிருந்தேன்." அவள் டம்ளரை விளிம்புவரை நிரப்பி இரண்டு கையாலும் நீட்டுகிறாள். வாங்க நீளும் கையில், மணிக்கட்டின் உள்பக்கம், இன்னும் மரத்துப்போகாத தோலில், பழைய தழும்புகளுக்கு நடுவே புதிதாக ஒரு சிவப்புக் கோடு. சரியாகக் கெட்டில் கைப்பிடியின் அகலம்.