சனிக்கிழமைக்காரி

எலுமிச்சைச் சாறு நிறைந்த டம்ளர் யார் கைக்குப் போகிறது என்று மீனாக்ஷி பார்த்துக்கொண்டே இருந்தாள்.

கொடுப்பவள் வத்சலா. டான்ஸ் டீச்சரின் தங்கை. சனிக்கிழமை மட்டும் தன் பெண்ணை அழைத்துக்கொண்டு பள்ளுருத்தியிலிருந்து பஸ் ஏறி மட்டாஞ்சேரிக்கு வருவாள். வரும்போது வகுப்புக் குழந்தைகளுக்கெல்லாம் ஒரு தூக்கு நிறைய எலுமிச்சை வெள்ளம். இவ்வளவு தாராளம் எதற்கு என்றுதான் மீனாக்ஷி கேட்கிறாள், மனசுக்குள்.

மீனாக்ஷியின் பெண் பாக்யத்துக்கு உடம்பு தடிக்கிறது. சும்மா இருக்கும்போது இல்லை, ஆடும்போது.

முதலில் கழுத்தில் சிவப்பு சிவப்பாகத் தடிப்பு. பிறகு உதடு வீங்கும். பிறகு மூச்சு இழுக்கும். போன மாதம் கண்ணே மேலே செருகிவிட்டது. ஆட்டோ ஆஸ்பத்திரி வாசலுக்குப் போய்ச் சேர்வதற்குள் மீனாக்ஷிக்குப் பாதி உயிர் போய்விட்டது.

டாக்டர் அலர்ஜி என்றார். எதனால் என்று கேட்டால் அவருக்கும் தெரியவில்லை. ஊசி போட்டார், மாத்திரை எழுதினார், நீங்கள்தான் கவனமாகப் பார்க்க வேண்டும் என்றார்.

கவனமாகப் பார்ப்பதற்கு மீனாக்ஷிக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

வகுப்பு நடப்பது ஒரு மிளகு கோடவுனின் மாடியில். மிளகுத் தூசியாக இருக்குமோ என்று பார்த்தாள். தூசி எல்லா நாளும்தான் இருக்கிறது. புதன்கிழமையும் பாக்யம் இதே மாடியில் ஆடுகிறாள், ஒன்றும் வருவதில்லை. வகுப்பில்லாத சனிக்கிழமைகளில் வீட்டில் குப்புறப் படுத்துக் கதைப்புத்தகம் படிக்கிறாள், அப்போதும் ஒன்றும் இல்லை.

சனிக்கிழமையும் வேண்டும், ஆட்டமும் வேண்டும். அப்படியென்றால் சனிக்கிழமை வகுப்பில் மட்டும் இருப்பவள் யார்?

காரணமும் கைவசம் இருந்தது. எர்ணாகுளத்தில் போட்டி வருகிறது. தனி ஆட்டம் பாக்யத்துக்கு. பாக்யம் படுத்துக்கொண்டால் அந்த இடம் வத்சலாவின் பெண்ணுக்கு. இதைக் கண்டுபிடிக்கப் போலீஸா வரவேண்டும்?

டம்ளர் பாக்யத்தின் பக்கம் நீண்டது.

"அவளுக்கு வேண்டாம்" என்று மீனாக்ஷி எழுந்தே விட்டாள். "ஆத்துலேர்ந்து ஜலம் கொண்டுவந்திருக்கேன்."

வத்சலா சிரித்தாள். அந்தச் சிரிப்பு மீனாக்ஷிக்குப் பிடிக்கவில்லை.

டீச்சர் தட்டுக்கழியைத் தட்டினாள், ஆட்டம் தொடங்கியது. மீனாக்ஷி தன் பெண்ணைப் பார்க்கவில்லை. வத்சலாவின் கையைப் பார்த்தாள், பையைப் பார்த்தாள், முந்தானை முடிச்சைப் பார்த்தாள். ஒரு துரும்புகூட அந்தப் பக்கத்திலிருந்து இந்தப் பக்கம் வரவில்லை.

பிறகு பாக்யம் ஒரு சுற்று சுற்றி நின்றாள். அந்த அழகில் அம்மாவுக்கு வத்சலாகூடக் கொஞ்சம் மறந்துபோனாள்.

நின்ற இடத்திலேயே பாக்யம் கழுத்தைச் சொறிந்தாள்.

மீனாக்ஷி ஓடிப்போய்ப் பிடித்தாள். தடிப்பு அதற்குள் காது வரைக்கும் ஏறியிருந்தது. மாத்திரையை வாயில் போட்டு, பாயில் படுக்கவைத்து, தலையை மடியில் வைத்துக்கொண்டாள். உதடு தடித்தது. மூச்சு மட்டும் இழுக்க வேண்டாம், தெய்வமே, மூச்சு மட்டும் வேண்டாம் என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். கீழே ஆட்டோவை நிறுத்திவைக்க டீச்சர் இறங்கி ஓடினாள்.

வத்சலா பக்கத்தில் உட்கார்ந்து விசிறினாள்.

"மோள் ராவிலே எந்தா சேச்சி தின்னது?"

காலையில் குழந்தை என்ன சாப்பிட்டது என்று இவள் கேட்கிறாள். நெஞ்சழுத்தம்தான்.

"ஒண்ணும் இல்லை. ஒரிக்கலாக்கும்" என்றாள் மீனாக்ஷி.

முதல் தடவை வந்ததும் ஒரு சனிக்கிழமைதான். சனி பார்க்கிறான் என்று ஜோசியர் சொன்ன நாளிலிருந்து அம்மாவும் பெண்ணும் சனிக்கிழமை ஒரிக்கல் விரதம். மத்தியானம் ஒரு வேளைதான் சாதம். டாக்டரிடமும் இதையேதான் சொல்லியிருந்தாள். விரதம் என்று கேட்டதும் அவர் சாப்பாட்டுப் பேச்சையே விட்டுவிட்டார்.

"அப்போ ஆகாரம் கொண்டல்ல" என்றாள் வத்சலா, பாவம் போல. சாப்பாட்டினால் வந்தது இல்லையாம்.

இன்று மூச்சு இழுக்கவில்லை. உதடு மெல்ல வடிந்தது. டீச்சரும் வத்சலாவும் மற்றக் குழந்தைகளைப் பார்க்கப் போனதும் பாக்யம் அம்மாவின் புடவையைப் பிடித்து இழுத்தாள்.

"அம்மா, மாமா கல்யாணத்துல பூரி தின்னுட்டு ஆட வந்தேனே, அன்னிக்குத்தான் மொதல்ல வந்தது. இப்போ கோதம்பு தோசை தின்னுட்டு வர அன்னிக்கெல்லாம் வரது."

மீனாக்ஷி அவள் வாயைப் பொத்தினாள்.

"வ்ரதத்துக்குப் பண்ணினதை அப்படிச் சொல்லப்படாது. கன்னத்துல போட்டுக்கோ."

பாக்யம் வீங்கிய கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

எதிர்ப்பக்கத்தில் வத்சலா தன் பெண்ணுக்குச் சலங்கை கட்டிக்கொண்டிருந்தாள். நடுவில் ஒரு தடவை நிமிர்ந்து பாக்யத்தைப் பார்த்தாள். மீனாக்ஷிக்கு எல்லாம் விளங்கிவிட்டது. கையால் கொடுக்கவில்லை என்றால் கண்ணால்தான். கண்ணுக்குத் தண்ணீரும் வேண்டாம், டம்ளரும் வேண்டாம்.

கிளம்பும்போது போட்டி வருகிற திங்கட்கிழமை என்று டீச்சர் சொன்னாள். பாக்யத்தால் முடியுமா என்றும் கேட்டாள்.

"முடியும்" என்றாள் மீனாக்ஷி.

படி இறங்கும்போதே அவள் வேண்டிக்கொண்டுவிட்டாள். திங்கட்கிழமையும் ஒரிக்கல். விடிவதற்கு முன்னால் எழுந்து, வேறு ஒருத்தர் கண்ணும் படாமல், குழந்தைக்கு வேண்டிய கோதுமை மாவைத் தானே கரைத்து, தானே வார்த்து, வயிறு நிறைய ஊட்டித்தான் மேடைக்கு அனுப்புவாள்.