ஈறோரத்து வெள்ளை

வாயைத் திற என்றால் தம்பி பேசிக்கொண்டேதான் திறந்தான்.

"சத்தியமா விட்டுட்டேன்க்கா."

இருமல் மருந்தைத்தான் சொன்னான். இருமலே இல்லாமல், போதைக்காக நாள் முழுக்க அதை மடக்கு மடக்காகக் குடித்தவன். ஆறு மாதம் மறுவாழ்வு இல்லத்தில் இருந்துவிட்டு, நேராக அக்காவின் பல் கிளினிக்குக்கு வந்து நாற்காலியில் சாய்ந்திருக்கிறான்.

அவன் சத்தியத்தை வீட்டில் யாரும் சட்டை செய்வதில்லை. "நீங்க பாத்து சொன்னா கூட்டிட்டுப் போறேன் அண்ணி" என்று அவன் மனைவி அக்காவிடம் போனிலேயே சொல்லிவிட்டாள். இப்போது வெளியே பெஞ்சில் காத்திருக்கிறாள். வீட்டில் நாலு வயதுக் குழந்தை.

அக்கா பல்லைத்தான் நம்பியிருந்தாள்.

அந்த மருந்தின் ஒவ்வொரு மடக்கு இனிப்புக்கும் வாயில் அமிலம் ஊறி, எனாமலிலிருந்து சுண்ணாம்புச் சத்தைக் கொஞ்சம் கரைத்துவிடும். எச்சில், பாவம், போனதை மறுபடி கொண்டுவந்து வைக்கும். அதற்கு மூச்சுவிட நேரம் கொடுக்காமல் குடித்தால் என்னதான் செய்யும்? ஈறோரம் வெள்ளை விழும்.

ஓட்டை விழாதவரை தேறிவர வழி உண்டு. நிறுத்தியிருந்தால் அந்த வெள்ளை இறுகி மின்னும். நிறுத்தாவிட்டால் மங்கிப்போய்ச் சொரசொரவென்று இருக்கும். போன முறை இவன் பல் அப்படித்தான் இருந்தது.

பல்லை உலர்த்தக் காற்றை அடித்தாள்.

மின்னியது.

மழுங்கிய கருவியை மெதுவாக ஓட்டிப் பார்த்தாள். வழுக்கிக்கொண்டு போனது. அடுத்த பல்லிலும் அப்படியே.

"படவா, நிஜமாவே விட்டுட்டியாடா!"

முகக்கவசத்தைக்கூடக் கழற்றாமல் வெளியே ஓடினாள். தலைகுனிந்து உட்கார்ந்திருந்தவளின் தோளைப் பிடித்து உலுக்கிச் சொன்னாள்.

தம்பி மனைவி நிமிர்ந்து பார்த்தாள். அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்து, வாய்விட்டுச் சிரித்தாள்.

அவள் மேல்வரிசைப் பல் முழுக்க ஈறோரம் வெள்ளை. காற்று அடித்து உலர்த்தாமலே, எச்சில் ஈரத்திலேயே அப்பட்டமாகத் தெரிந்தது. துளி மினுமினுப்பு இல்லை.

அவன் விட்டுவிட்டுப் போனதை இவள் எடுத்துக்கொண்டிருக்கிறாள்.

அக்காவின் பார்வை எங்கே நிற்கிறது என்பது அவளுக்கும் புரிந்துவிட்டது. சட்டென்று உதட்டை மூடிக்கொண்டாள். வேண்டாம் என்பதுபோல் தலையை மட்டும் லேசாக ஆட்டினாள்.

ஆறு மாதமாகத் துளித்துளியாகத் திரும்பி வந்தது, அந்த வீட்டுக்குள் போனால் எவ்வளவு சீக்கிரம் கரையும் என்று அக்காவுக்குத் தெரியும்.

அதைச் சொல்வதற்குள் தம்பி முகத்தைத் துடைத்துக்கொண்டே வெளியே வந்தான். கல்யாணத்தன்று இருந்த அதே சிரிப்பு. "குடு, நான் தூக்கிட்டு வரேன்" என்று மனைவியின் கைப்பையை வாங்கப் போனான்.

அவள் விடவில்லை. மார்போடு சேர்த்துப் பிடித்தபடி, அவனுக்கு முன்னால் வேகமாகப் படியிறங்கினாள்.